இடது பக்க ஸ்பீக்கர்

வேலைக்குக் கிளம்பும் முன் ஸ்பீக்கர் பெட்டிகளைச் சரி பார்க்க நான் ஒரே ஒரு பாட்டைத்தான் போடுவேன் என்பது உங்கள் இருவருக்கும் தெரியும். சைதாப்பேட்டையில் நம் வீட்டுக்குக் கீழே ஷட்டர் போட்ட அறையில், ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பாட்டு ஆரம்பித்தால், மாடியிலிருந்து உங்கள் அம்மா கத்துவாள்: "எய்ந்திருங்க, உங்கப்பா இங்கிலீஷ்காரனை எழுப்பிட்டாரு!"

அந்தப் பாட்டைப் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் "ஹலோ, செக், ஒன், டூ" என்று என் குரலை வைத்தே முடித்துக்கொள்கிறேன். ஏன்பா என்று சின்னவள் ஒரு தடவை கேட்டாள். பென் டிரைவ் கெட்டுப் போச்சு என்றேன். கெட்டுப் போகவில்லை. மேசை டிராயரில், சால்டரிங் சாமான் வைக்கிற டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. வாயால் சொல்ல ஆரம்பித்தால் இன்னொரு பொய்யும் சேர்ந்து வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் வந்த இங்கிலீஷ் பாட்டெல்லாம் எனக்கு எப்படிப் பழக்கமானது என்று நீங்கள் கேட்டதே இல்லை. அவை வந்தபோது நான் பிறக்கவே இல்லை. ஆழ்வார்பேட்டையிலும் அடையாறிலும் கிளப்களில், ஓட்டல் ஹால்களில், வயதானவர்கள் கூடும் விசேஷங்களுக்கு மைக் செட் போடப் போய்ப் போய்க் காதில் ஏறியவை. அந்த ஜனங்களுக்கு அந்தப் பாட்டுகள்தான் வேண்டும். ராக் என்பார்கள், சோல் என்பார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தது இதுதான்: ராக் பாட்டில் கிடார் முன்னால் வந்து நிற்கும், ஆட்கள் நிற்கிற இடத்திலேயே தலையை ஆட்டுவார்கள். சோல் பாட்டில் ஒருவர் கெஞ்சுவதுபோல் ஒரு வரி பாடுவார், பின்னால் இரண்டு மூன்று பெண்கள் அதற்குப் பதில் சொல்வார்கள், முழங்கால் வலிக்காரர்கள்கூட நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள்.

வார்த்தை ஒன்றும் எனக்குப் புரியாது. ஆனால் அந்தப் பாட்டுகளில் ஒவ்வொரு வாத்தியமும் அதனதன் இடத்தில் நிற்கும். பேஸ் கிடார் தனியாக நடந்து வருவது அடிவயிற்றில் தெரியும். டிரம்காரர் குச்சியை எந்தப் பக்கம் வைத்தார் என்பது வரைக்கும் கேட்கும். இப்போது வரும் பாட்டுகளில் எல்லாச் சத்தமும் பஸ்ஸில் முதலில் ஏறப் பார்க்கிற கூட்டம் மாதிரி இடித்துக்கொண்டு வரும். பெட்டியில் கோளாறு இருந்தாலும் தெரியாது. அதனால்தான் என் தொழிலில் இருக்கிற பல பேர், சரி பார்க்க என்றே அந்தக் காலத்துப் பாட்டு ஒன்றைக் கையில் வைத்திருப்பார்கள். நான் ஒரு சோல் பாட்டை வைத்திருந்தேன். உங்களுக்கு அது முழுசும் மனப்பாடம்.

இரண்டரை வருஷத்துக்கு முன் கே.கே. நகரில் இருந்து ஒரு பெரியவர் போன் பண்ணினார். ரிட்டயர்ட் இன்ஜினீயர், கீபோர்டு வாசிப்பவர். அவரும் கல்லூரி சிநேகிதர்களுமாகப் பையன்களாக இருந்த காலத்தில் ஒரு பேண்டு வைத்திருந்தார்களாம். கல்லூரியை விட்டு ஐம்பது வருஷம் ஆகிறது, கூடப் படித்த எல்லோரும் அடையாறில் ஒரு கிளப் ஹாலில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூடுகிறோம், மூன்று பாட்டு வாசிக்கிறோம், செட் போட வேண்டும் என்றார்.

"டிரம்முக்கு எத்தனை மைக் சார்?" என்று கேட்டேன்.

"டிரம்மர் இல்லப்பா. போயிட்டான். ஆனா வாசிப்பான்," என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் அவரே விவரம் சொன்னார். கொரோனா ஊரடங்கில் இவரோடு கிடார், டிரம், பாடுகிறவர் என்று நாலு பேரும் அவரவர் வீட்டில் அடைபட்டிருந்தபோது, அந்த மூன்று பாட்டிலும் அவரவர் பங்கை மட்டும் தனியாக வாசித்துப் பதிவு செய்து இவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவர் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்துப் பாட்டாக்கினார். மறு வருஷம் டிரம் வாசித்தவர் அதே கொரோனாவில் போய்விட்டார். அவருடைய டிரம் மட்டும் தனியாகக் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை ஓடவிட்டு அதன் மேல் மற்ற மூன்று பேரும் மேடையில் வாசிப்பது என்று ஏற்பாடு. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் வாசித்ததும் தனித்தனியாக அவரிடம் இருந்தது. நான் செய்த தப்பு இதிலிருந்துதான் கிளம்பியது.

கிடார் வாசிக்கிறவர் மயிலாப்பூரில், மூன்றாவது மாடியில் இருந்தார். பேங்கில் அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் கிடாரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். அவர் வீட்டு மாமி கதவைத் திறந்தார். சார் உள்ளே உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள், வெள்ளை ஜிப்பா. வலது கை மடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. நடுக்குவாதம், நரம்பு வியாதி, நாலு வருஷமாக என்று மாமி வாசலிலேயே சொல்லிவிட்டார்.

அந்த ஹாலைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஒரு சுவர் முழுக்க ரெக்கார்டு தட்டுகள். நடுவில் தட்டு சுழற்றும் மெஷின், அதன் கீழே பென் டிரைவ் போடுகிற புது ஆம்ப்ளிஃபயர், இரண்டு பக்கமும் தேக்கு நிறத்தில் இடுப்புயர ஸ்பீக்கர்கள். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது ஒயரையெல்லாம் கழற்றியது அப்படியே கிடக்கிறது, கையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார் சார். பத்து நிமிஷ வேலை. சேர்த்துவிட்டு ஒரு தட்டைப் போட்டேன். சத்தம் வந்தது. எனக்குத் திருப்தி.

சார் இடது பக்கமாகத் தலையைத் திருப்பினார். அவ்வளவுதான், ஒரு விநாடி.

"இடது ஸ்பீக்கர்ல பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் குடுத்திருக்கே பாரு."

"சவுண்டு வருதே சார்?"

"வர்றது. பேஸ் எங்க? ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுண்டிருக்கு."

பின்னால் போய்ப் பார்த்தேன். மாற்றித்தான் கொடுத்திருந்தேன். அப்படிக் கொடுத்தால் ஒரு பெட்டி தள்ளும்போது மற்றது இழுக்கும், கனத்த சத்தமெல்லாம் நடுவிலேயே செத்துவிடும். சரி செய்ததும் பேஸ் கிடார் தரைக்குள்ளிருந்து எழும்பி வந்தது. இருபத்தைந்து வருஷமாக இதே தொழிலில் இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அவருக்கு ஒரு விநாடியில் தெரிந்தது.

"கைதான் போச்சு," என்று சிரித்தார். "காது அப்படியே இருக்கு. அது போறவரைக்கும் நான் பொழைச்சுப்பேன். சாயங்காலம் நாலு மணிக்கு இங்க உக்காந்தா எட்டு மணி வரைக்கும் எனக்கு வியாதியே கிடையாது."

பிறகு கிடாரை எடுத்து வாசித்துக் காட்டினார். முதல் இரண்டு பாட்டுக்கும் கிடார் சும்மா கூடப் போனால் போதும், சமாளித்தார். மூன்றாவது பாட்டில்தான் விஷயம். அதில் பாடுகிறவர் பாடி முடித்த பிறகும் கிடார் மட்டும் தனியாக இரண்டு நிமிஷம் போக வேண்டும். கல்லூரியில் அந்த இரண்டு நிமிஷத்துக்காகவே பெண்கள் கல்லூரியிலிருந்து பஸ் பிடித்து வருவார்களாம். அதை வாசிக்க ஆரம்பித்தார். இடது கை விரல் கம்பியில் சரியான இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் நேரம் தாண்டிவிடும். வலது கை ஒரு தடவை தட்ட வேண்டிய இடத்தில் மூன்று தடவை தட்டிவிடும். நடுநடுவே ஒன்றுமே வராது. ஆனாலும் நிறுத்தாமல் கடைசி வரைக்கும் வாசித்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"கேட்டியா? இதுதான் இப்ப என் வாசிப்பு. அன்னிக்கு எப்படி வர்றதோ அப்படியே வெளிய விடு. எக்கோ கிக்கோ போட்டுப் பூசாதே. அவாளும் கேக்கட்டும். நானும் கடைசியா ஒரு தடவை கேட்டுண்டு, கிடாரைத் தூக்கி வச்சுடறேன்."

"சரி சார்," என்றேன். பிள்ளைகளே, அப்படித்தான் சொன்னேன்.

லிஃப்டுக்கு நிற்கும்போது மாமி பின்னாலேயே வந்தார். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, மெதுவாகப் பேசினார்.

"அவர் வாசிச்சதைக் கேட்டேளோல்லியோ?"

"கேட்டேன் மாமி."

"எல்லாரும் அவரை அந்த நாள்ல பார்த்தவா. இப்படி வந்தா சிரிக்க மாட்டா, பாவம்னு பார்ப்பா. அவர் தாங்கிண்டுடுவார். என்னால முடியாது." புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். "இதுல அவர் லாக்டவுன்ல வாசிச்சது தனியா இருக்கு. அப்ப கை இவ்வளவு மோசமில்லை. எதுக்குன்னு சொல்லாம கீபோர்டுக்காரர்கிட்ட வாங்கினேன். மூணாவது பாட்டுல இதை வெளிய விட்டுடுங்கோ. அவருது அவருக்கு மட்டும் கேட்டாப் போறும். அதுவும் அவர் வாசிச்சதுதானே? வேற யாரோ வாசிச்சதில்லையே?"

இது எனக்குப் புது வேலை இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். தி. நகரில் கல்யாண ரிசப்ஷன்களில் பெண்ணுக்குத் தாய்மாமன் திடீரென்று மைக்கைப் பிடுங்கிப் பாடுவார். அபஸ்வரமாக இருக்கும். நான் அவர் மைக்கைப் பாதிக்கு இறக்கி, கூடப் பாடுகிற பெண்ணின் மைக்கை ஏற்றிவிடுவேன். அவர் காலடியில் வைத்திருக்கிற சின்ன ஸ்பீக்கரில், மானிட்டர் என்போமே அதில், அவர் குரலை மட்டும் பெரிசாக வைப்பேன். அவர் தன்னைத்தானே கேட்டுச் சந்தோஷப்படுவார், ஜனங்களும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. இதைச் செய்யத் தெரியாதவன் எங்கள் தொழிலில் நிலைக்க முடியாது.

மாமியின் கண்ணைப் பார்த்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். தாய்மாமனுக்குக் காது கிடையாது, சாருக்கு இருக்கிறது என்று எனக்கு அந்த லிஃப்டில் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் அறுபது எழுபது பேர். எல்லோரும் எழுபது வயசைத் தாண்டியவர்கள், சட்டையில் பேர் எழுதின அட்டை குத்தியிருந்தார்கள். ஒருவர் பேரை ஒருவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார்கள்.

"டேய், நீ செத்துட்டேன்னு எவனோ குரூப்ல போட்டானேடா!"

"போட்டவன்தான் போயிட்டான். நான் பாயசம் குடிச்சிட்டுதான் போவேன்."

மேடை ஏறும்போது சாரைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். பின்னாலிருந்து ஒருவர், "மெதுவாடா, லஞ்ச் ஆறிடப் போகுது!" என்றார். சார் திரும்பி, "நீ போய்த் தின்னு, உன்னை எவன் கேக்கச் சொன்னான்?" என்றார். ஒரே சிரிப்பு. மாமி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

மேடையில் சாரின் கிடாருக்குத் தனி ஸ்பீக்கர் வைக்கவில்லை. வைத்தால் முன் வரிசைக்கு நேராகக் கேட்டுவிடும். கிடாரிலிருந்து ஒயரை நேராக என் மிக்சருக்கு, யார் சத்தம் எங்கே போக வேண்டும் என்று பிரிக்கிற பெட்டிக்கு, கொண்டுவந்து, அங்கிருந்து அவர் காலடி மானிட்டருக்கு அனுப்பினேன். முதல் இரண்டு பாட்டுக்கு அதே லைனை ஹாலுக்கும் விட்டேன். மூன்றாவது பாட்டில், போனவரின் டிரம் ஆரம்பித்ததுமே சாரின் லைனை ஹாலிலிருந்து எடுத்துவிட்டு, பென் டிரைவில் இருந்த அவர் கிடாரை ஏற்றினேன். ஒரே டிரம் மேல் வாசித்தது, அதனால் ஒரு மயிரிழை விலகவில்லை. ஹால் சத்தம் மேடைக்குக் கொஞ்சம் திரும்பி வரும். அது அவருக்குத் தெரியக் கூடாது என்று மானிட்டரை நன்றாக ஏற்றி வைத்தேன்.

அந்த இரண்டு நிமிஷம் வந்தது. ஹால் முழுக்க அந்தக் கிடார் எழுந்து அழுதது. கரண்டிச் சத்தம் நின்றது. ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? என் கைவேலையை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை பார், என்று.

மேடையில் சார் கம்பியையே பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்கி, காதைச் சாய்த்து, ஹாலின் பின்பக்கம் பார்த்தார். யாரோ தூரத்தில் கூப்பிட்டது மாதிரி. பிறகு திரும்பக் குனிந்துகொண்டார்.

கைதட்டல் நிற்க நேரமானது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். "கையில வியாதின்னு சொன்னவன் எவன்டா?" என்று ஒருவர் கத்தினார். சார் சிரிக்கவில்லை. இறங்கி நேராக என்னிடம் வந்தார். மாமி எழுந்து பாதி தூரம் வந்து நின்றார்.

"என் லைன் வெளிய போச்சா?"

"சூப்பரா போச்சு சார்."

"ஒரு கிடார்தானே போச்சு?"

"ஒண்ணுதான் சார்."

யோசித்துப் பாருங்கள். அது பொய்கூட இல்லை. ஹாலுக்கு ஒரே ஒரு கிடார்தான் போனது. அப்படிச் சொல்லிக்கொண்டே ஒயரைச் சுருட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "இன்னாயா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? அங்க சோறு போடலையா?"

"போட்டாங்கமே."

"அப்பறம் இன்னா?"

"ஒண்ணுமில்ல," என்றேன். நிஜமாகவே ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். சார் கண்ணில் என்னவோ இருந்தது, அவ்வளவுதான்.

நாலு மாதம் கழித்து மாமி போன் பண்ணினார். "அந்த மியூசிக் செட்டையெல்லாம் கழட்டி எடுத்துண்டு போகச் சொல்றார். நீங்களே எடுத்துக்கோங்கோ. இல்லேன்னா யாருக்காவது குடுங்கோ."

மயிலாப்பூருக்குப் போனேன். தட்டு மெஷின் மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. சார் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். மணி நாலு. சாதாரணமாக அவர் பாட்டுப் போடுகிற நேரம். மாமி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சொன்னார்.

விசேஷம் முடிந்த அன்று சாயங்காலமே நண்பர்கள் போனில் வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். சார் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். வீடியோவில் அவர்தான் வாசிக்கிறார், நன்றாக வாசிக்கிறார். மேடையில் அவருக்குக் கேட்டது வேறு. பக்கத்தில் ஒரு கிடார் உடைந்து உடைந்து, தூரத்தில் இன்னொரு கிடார் சுத்தமாக. அறுபது பேர் ஒன்றுதான் கேட்டோம் என்கிறார்கள். சவுண்டுக்காரனும் ஒன்றுதான் போச்சு என்கிறான். அப்படியானால் தப்பாகக் கேட்டது என் காதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். டாக்டரிடம் போய், இல்லாத சத்தம் கேட்கிறது என்றிருக்கிறார். இந்த வியாதியில் சில பேருக்கு அப்படியும் வரும் என்று டாக்டர் ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுத்திருக்கிறார். அதைப் போட்டால் பகலெல்லாம் தூக்கம்.

"அதுக்கப்புறம் ஒரு பாட்டு கேக்கலை. போட்டா, இது நிஜமா வர்றதா, எனக்கு மட்டும் கேக்கறதான்னு என்னைக் கேக்கறார். நிறுத்திடுன்னுடறார்." மாமி குழாயை மூடினார். "நான் சொல்லிடலாம்னு பார்த்தேன். சொல்ல வாய் வரலை."

ஹாலுக்கு வந்து, அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். பென் டிரைவ், லாக்டவுன் கிடார், மானிட்டர், எல்லாம். உங்க காதுல ஒரு கோளாறும் இல்ல சார், ரெண்டு கிடார் போனது நிஜம் சார், தூரத்துல கேட்டதும் நீங்கதான் சார் என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"அவ சொல்லச் சொன்னாளா?"

"இல்ல சார், நானாத்தான்."

மாமி வாசற்படியில் நின்று, "ஆமான்னா. நான்தான் பென் டிரைவைக் குடுத்தேன். நிஜம்," என்றார்.

"நீ நான் செத்துண்டிருந்தாலும் நன்னா இருக்கேள்னுதான் சொல்லுவே," என்றார் சார். அதைக் கோபமில்லாமல் சொன்னார்.

"சார், அந்தப் பதிவு கே.கே. நகர் சார்கிட்ட இருக்குது. வீடியோல வர்றதும் அதுவும் ஒண்ணு. போட்டு ஒத்துப் பாருங்க, தெரிஞ்சிடும்."

"எதை வச்சு ஒத்துப் பாக்கறது?" என்றார். "இந்தக் காதை வச்சுத்தானே? அன்னிக்கு ஒண்ணுன்னு சொன்னே. இன்னிக்கு ரெண்டுங்கறே. ரெண்டும் சொல்றது நீதான். நான் எதை எடுத்துக்க?"

எழுந்து ஸ்பீக்கருக்குப் பின்னால் போனேன். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்துடறேன் சார் என்று சொல்லிவிட்டு, இடது ஸ்பீக்கரில் பிளஸ்ஸையும் மைனஸையும் வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்தேன். பெட்டி சரி பார்க்க நான் வைத்திருக்கிற என் சொந்தப் பென் டிரைவை ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். நம் பாட்டு. உங்கள் அம்மா திட்டுகிற அந்தப் பாட்டு.

பேஸ் கிடார் நடந்து வர வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பெண்கள் குரல் சுவரில் ஒட்டிக்கொண்டது மாதிரி வந்தது.

சாரின் தலை இடது பக்கம் திரும்பியது. அதே ஒரு விநாடி. நான் பார்த்தேன். சொல்லுங்க சார், சொல்லிடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் வாய் திறந்தார். மூடினார். தலையை மெதுவாகத் திரும்ப ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டார்.

நானே கேட்டேன். "எப்படி இருக்குது சார்?"

"நன்னாத்தான் இருக்கு."

"இல்ல சார். நான் ஒயரை மாத்திக் குடுத்திருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்சிது. திரும்பினீங்க. நான் பார்த்தேன்."

"ஏதோ கொறையற மாதிரி இருந்தது," என்றார். "எனக்குத்தான் அப்படிக் கேக்கறதோன்னு விட்டுட்டேன்."

"அதான் சார் நிஜம்! நீங்க கேட்டதுதான் நிஜம்!"

"நீ சொல்லித்தானே தெரியறது," என்றார்.

ஒயரை எடுத்துச் சரியாக மாற்றினேன். பேஸ் எழும்பி வந்தது. தரை அதிர்ந்தது, அலமாரியில் தட்டுகள் லேசாக முனகின. அந்த வீட்டில் அந்தப் பாட்டு ஒலித்த மாதிரி நான் எங்குமே கேட்டதில்லை.

"இப்ப சார்?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை.

"நீ சொல்லு. சரியா இருக்கா?"

"சரியா இருக்கு சார்."

"அப்ப சரி," என்றார். "நிறுத்திடு."

நிறுத்தினேன். பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். டிராயரில் கிடப்பது அதுதான். செட்டு இங்கேயே இருக்கட்டும் சார், நான் எடுத்துக்க மாட்டேன் என்றேன். வேண்டாம், கண்ணில் பட்டால் போடச் சொல்லிக் கை அது பக்கம் போகும், போட்டால் பயமா இருக்கும் என்றார். சாமானை ஏற்ற மாமி லிஃப்டு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் இடது ஸ்பீக்கரைக் கழற்றினேன்.